வெள்ளைக்காரிக்கு ஒரு பூசை

கொலை செய்தது யார் என்று எங்கள் தெருவே மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. என் அம்மாவுக்கு மட்டும் அது ஒரு பொருட்டே இல்லை. குளத்தில் பிணமாக மிதந்த அந்த வெள்ளைக்காரியைக் கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே புதைப்பார்களா, மதிலுக்கு வெளியே புதைப்பார்களா? அவளுக்கு இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

எப்போதோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதிய கிராமத்துக் கொலைக்கதை. அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்து, தமிழில் குரல் கொடுத்து, எங்கள் வீட்டுக் கூடம் வரைக்கும் அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை தோறும் மதியம் இரண்டு மணிக்கு, ஆறு வாரம். ஐப்பசியில் ஆரம்பித்துக் கார்த்திகையில் முடிந்தது. எனக்குச் சங்கராபுரத்தில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. வாரம் முழுக்க ஃபைலோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்குச் சனிக்கிழமை மதியம்தான் சொர்க்கம். சாப்பிட்டு, கூடத்தில் பாயை விரித்துப் படுத்தால், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஓர் இடம் வருமே, அந்த வெள்ளைக்கார ஊர் அங்கேதான் இருந்தது.

டிவிக்குள் பனி மூடிய கல் வீடுகள், ஒரு பழைய கிறிஸ்தவக் கோயில், அதன் பின்னால் குளம். ஜன்னலுக்கு வெளியே எங்கள் கரும்புக் கொல்லை, அதற்கு அப்பால் தலை தெரியாமல் மேகத்துக்குள் போய்விட்ட கல்வராயன் மலை. மழைச் சத்தம் டிவியிலிருந்து வருகிறதா, எங்கள் தகரக் கொட்டகையிலிருந்து வருகிறதா என்றுகூடச் சில சமயம் தெரியாது. அம்மா பாதி நேரம் கண் மூடியபடிதான் பார்ப்பாள். தூங்குகிறாளே என்று சத்தத்தைக் குறைத்தால் போச்சு.

“இன்னாடி நீ! இப்பத்தான் அந்த ஊர்ல நடந்து போய்க்கினு இருந்தேன். கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸு எங்க நிக்கும்னு அந்த போஸ்ட் மாஸ்டரக் கேட்டேன். அவரு சொல்ல வாயத் தொறந்தாரு, அதுக்குள்ள எழுப்பிட்டியே!”

அந்த போஸ்ட் மாஸ்டர்தான் கதையில் துப்பறிகிறவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற, மூச்சு வாங்கும் குண்டு மனிதர். ஊரில் யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. முதல் வாரமே குளத்தில் பெண்ணின் உடல் மிதந்தது. தானாக விழுந்தாள் என்றது ஊர். தற்கொலை என்றால் கோயில் கல்லறையில் இடம் கிடையாது என்று தயங்கி நின்றார் அந்த ஊர்ப் பாதிரியார். அம்மா பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அவள உள்ள வெப்பாங்களாடி?”

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அம்மாவின் கேள்வியால் அல்ல. இந்தக் கதையை நான் படித்திருக்கிறேன்! பிளஸ் டூ படிக்கும்போது கிளை நூலகத்தில், அட்டை போய், பழுப்பேறிக் கிடந்த ஒரு தமிழ் மொழிபெயர்ப்பு. முடிவு எனக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. அவளை யாரும் கொல்லவில்லை. அவளாகத்தான் குளத்தில் இறங்கினாள். அவளைத் தூக்கி வளர்த்த வேலைக்காரி விடியற்காலையில் அதைப் பார்த்துவிட்டு, கல்லறைக்குள் இவளுக்கு இடம் கிடைக்காதே என்று, செத்த உடம்பின் நெற்றியில் ஒரு கல்லால் அடித்துக் கொலை போலச் செய்துவிட்டாள். கொலை என்று நம்பி உள்ளே புதைத்தார்கள். கடைசிப் பக்கத்தில் உண்மை வெளியே வந்ததும் ஊர் கூடி, பெட்டியைத் தோண்டி எடுத்து மதிலுக்கு வெளியே புதைத்தது. இரண்டே வரியில் முடித்திருந்தார் அந்த மனிதர். பதினேழு வயதில் அதைப் படித்துவிட்டு நூலகத்திலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல முடியுமா? எங்கள் வீட்டில் தண்ணீரில் செத்தவர்களைப் பற்றி யாரும் லேசாகப் பேச மாட்டோம். அம்மாவின் அக்கா, எனக்குப் பெரியம்மா, பத்தொன்பது வயதில் தண்ணீர் மொள்ளப் போன இடத்தில் கிணற்றில் வழுக்கி விழுந்து செத்துப்போனவள். நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு நடந்தது. அதனால்தான் அம்மா இந்த வெள்ளைக்காரிக்காக உருகுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“உள்ளதாம்மா வெப்பாங்க. நான் படிச்சிருக்கேன்” என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

கதை தெரியும் என்று வாயை விட்டதுதான் தப்பு. என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். “கொலகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடு. புண்ணியமாப் போவும். டாக்டர்தானே?” அடுத்த வாரம், “கொழுந்தன்தானே?” அதற்கு அடுத்த வாரம், “அந்த போஸ்ட் மாஸ்டரே செஞ்சிருப்பான், பாரு அவன் முழியை!” கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து ஈரக் காலோடு நின்று கேட்பார். நான் அசையவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்தான், ஆனால் ரகசியம் என்றால் ரகசியம்.

அம்மாவின் சந்தேகங்கள் வேறு தினுசு. அந்தப் பாதிரியார் வீட்டில் ஒரு பெண்மணி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் தோளில் கை போட்டாள். அம்மா அதிர்ந்துபோனாள்.

“அடிப்பாவி, சாமியாருக்கு எப்டிடி பொண்டாட்டி?”

“அவங்க நம்ம மாதிரி கத்தோலிக்கம் இல்லம்மா, வேற சபை. அங்க கல்யாணம் பண்ணிக்கலாம்.”

“வேற சபைன்னா? செத்தவங்களுக்குப் பூசை உண்டா, இல்லியா?”

“நம்ம மாதிரி கெடையாது. அடக்கம் பண்ணா அதோட சரி.”

 மூன்றாவது வாரம் நெற்றிக் காயத்தைக் கண்டுபிடித்தார்கள், கொலை என்று ஆனது, பெட்டியைக் கோயில் கல்லறைக்கு உள்ளே இறக்கினார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மானம் கப்பலேறியது.

எங்கள் கோயிலில் பூசை ஆரம்பிக்கும் முன் உபதேசியார் மைக்கில் சீட்டுகளை வாசிப்பார். யார் யார் ஆன்மாவுக்காக அன்றைய பூசை என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்த சீட்டுகள். அன்று இரண்டு சீட்டு ஒழுங்காக வாசித்தார். மூன்றாவதில் தடுக்கிவிட்டார். கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒரு பெயரை மூன்று துண்டாக உடைத்து வாசித்து, “அவர்களின் ஆன்மா இளைப்பாற்றிக்காக” என்று முடித்தார். அந்த வெள்ளைக்காரியின் பெயர்!

 பாடகர் குழுப் பெண்கள் ஆர்மோனியத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கின. அவர்கள் எல்லோரும் தொடர் பார்க்கிறவர்கள்தானே. நான் தலையைத் திருப்பிப் பக்கத்தில் பார்த்தேன். அம்மா கைகூப்பி, கண்மூடி, உருக்கமாகச் செபம் செய்துகொண்டிருந்தாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

பூசை முடிந்ததும் இளவயதுப் பங்குச் சாமியார் வாசலில் எங்களை நிறுத்தினார். சிரிப்பை அடக்குவதற்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

“அம்மா, அவங்க டிவி கதையில வர்றவங்க இல்லீங்களா?”

“தெரியுங்க சாமி. கதன்னு தெரியாம எனக்கு இன்னா பைத்தியமா?” என்றாள் அம்மா. “பாவம், தண்ணியில செத்தவ.”

சாமியாருக்குச் சிரிப்பு எங்கே போனதோ, தலையை ஆட்டிக்கொண்டு, “சரிங்கம்மா” என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். ஆபீசில் நாளைக்குத் தலை காட்ட முடியுமா, ஊர் சிரிக்கிறதே, உனக்கு எதற்கம்மா இந்த வேலை?

“நீதான சொன்ன? அவங்க சபையில செத்தவங்களுக்குப் பூசை கெடையாதுன்னு. அப்ப அவளுக்குன்னு யாரு கீறாங்க?”

“கதையில வர்றவளுக்கு ஏதும்மா ஆன்மா?”

“அப்ப மொத வாரம் நீ எதுக்குடி மூக்க உறிஞ்சிக்கினு கெடந்த?”

என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து, “அத்தை, டாக்டர்தான் செஞ்சிருக்காருன்னா அவர் பேர்லயும் ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க. மனசு மாறட்டும்” என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். நான் அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே.

“எவளோ ஒருத்திக்குக் குடுத்த பூசைய உன் கூடப் பொறந்தவளுக்குக் குடுத்திருக்கலாமே! பெரியம்மாவுக்கு ஒரு வாட்டியாவது நீ எழுதிக் குடுத்திருக்கியா?”

அம்மாவின் முகம் சட்டென்று கறுத்தது. எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணிகளை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். ஏன்டி சொன்னோம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனால் நான் சொன்னது உண்மை. வருஷா வருஷம் பெரியம்மாவுக்குப் பூசைக்கு எழுதிக் கொடுப்பது மாமாதான். அம்மா ஒரு முறைகூடக் கொடுத்ததில்லை.

அந்த வாரத்திலேயே கல்லறைத் திருநாள் வந்தது. அம்மா பிறந்த ஊருக்கு எப்போதும் போல் போனோம். பெரியம்மாவின் கல்லறைப் புல்லை அம்மாவே பிடுங்கினாள், கழுவினாள், சுண்ணாம்பு அடித்தாள், சாமந்தியைக் கொட்டினாள். மெழுகுவத்தியைக் காற்று அணைக்க அணைக்கச் சலிக்காமல் ஏற்றினாள். சாமியார் வந்து ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது மட்டும் இரண்டு கல்லறை தள்ளி, யார் வீட்டுக் கல்லறைக்கோ போய் நின்றுகொண்டாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அப்படித்தான் நிற்பாள். துக்கம் தாங்காமல் என்றுதான் நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம்.

தொடர் முடிவை நெருங்கியது. மூன்று வாரமாக அந்த வெள்ளைக்காரி உள்ளே நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளை மண்வெட்டியால் தோண்டி எடுத்து வெளியே போடுவதை இவள் பார்க்க வேண்டுமா? இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. கடைசிச் சனிக்கிழமை காலையில் ஒரு திட்டம் போட்டேன்.

“அம்மா, உன் இருமலுக்குக் கடுக்காயும் தேனும் வாங்கணும்னியே. மலைக்குப் போய்ட்டு வரலாமா?”

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். “வா, போலாம்” என்று புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ் ஏறினோம். அணையில் தண்ணீர் ததும்பிக்கொண்டு நின்றது. மலை ஏற ஏறக் காது அடைத்தது. ஒரு வளைவு வரைக்கும் கீழே வயல், ஓடை, ஊர் எல்லாம் தெரிந்தது. அடுத்த வளைவில் மேகம் வந்து மூடிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் வரும், கரையும், இன்னொரு மரம் வரும். நடத்துநர் ஊர்ப் பெயரைச் சொன்னபோது அது எங்கோ தூரத்தில் இருந்து வந்தது. அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் கனவிலிருந்த அந்தப் பனி ஊருக்கு நானும் டிக்கெட் எடுத்துவிட்டேனோ என்று ஒரு கணம் தோன்றியது. பயமாக இல்லை, சுகமாகத்தான் இருந்தது.

வெள்ளிமலையில் கடுக்காய் வாங்கினோம், தேன் வாங்கினோம். தூறல் பிடித்ததும் ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். கடைக்காரப் பெண் அடுப்பருகே உட்கார்ந்து, பலகை மேல் இருந்த டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா டீயை நிதானமாகக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏம்மா, மணி ரெண்டு ஆவுதா? அந்த வெள்ளைக்காரக் கத வர்ற சேனல வெய்யேன். இன்னிக்கு முடிவு.”

“ஐயோ, ஆமா! நல்லவேள ஞாபகப்படுத்துனீங்க” என்று அந்தப் பெண் ரிமோட்டைத் தேடி ஓடினாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “மறைக்கிறியே, அப்டி இன்னாதான்டி முடிவு? பாத்துர்றேன்.”

பார்த்தோம். போஸ்ட் மாஸ்டர் வேலைக்காரியின் எதிரில் உட்கார்ந்து, அவள் செய்ததை அவளுக்கே மெதுவாகச் சொன்னார். அவள் மறுக்கவில்லை. “வெளியில போட்டா குழந்தைக்குக் குளிருமேங்க” என்று மட்டும் சொன்னாள். டீக்கடைப் பெண், “அடக்கடவுளே!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா கல்லாகிவிட்டாள். போஸ்ட் மாஸ்டர் போய்ப் பாதிரியாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பாதிரியார் எழுந்து, மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்தார். எனக்குத் தெரியும், இதோ தோண்டப் போகிறார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னால் பார்க்க முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.

மண் விழும் சத்தம் கேட்டது. பாட்டு கேட்டது. கண்ணைத் திறந்தால், மழையில் உள்ளே அமுங்கிப்போன கல்லறைக்கு அவர் மேல்மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்! போட்டு, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி, ஓரம் சரி பண்ணினார். ஊருக்கு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பிப் போனார். அவ்வளவுதான். எழுத்து ஓடியது. டிவிக்கு எடுத்தவர்கள் முடிவை மாற்றிவிட்டார்கள்!

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. அம்மா பக்கம் திரும்பினேன். சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கன்னத்தில், மடியில் என்று கண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. கடைக்காரப் பெண் பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள். நான் காசைக் கொடுத்துவிட்டு அம்மாவை வெளியே அழைத்துவந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. பெஞ்சைத் தவிர மற்றதெல்லாம் மேகத்துக்குள் இருந்தது.

“அந்த வேலைக்காரி செஞ்சதத்தான்டி நானும் செஞ்சேன்” என்றாள் அம்மா.

அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. விடிவதற்குள் அக்காவைக் காணோம் என்று தேடிக்கொண்டு கிணற்றுக்கு ஓடியிருக்கிறாள். படியில் அக்காவின் செருப்பு ஜோடியாக இருந்தது. கழுத்திலிருந்து ஒரு நாளும் கழற்றாத செபமாலை அதன் மேல் வைத்திருந்தது. குடம் இல்லை.

“தண்ணிக்குப் போறவ கொடம் இல்லாமப் போவாளா? பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும்ல. மாலைய எடுத்து மடியில கட்டிக்கினேன். செருப்ப ஒண்ண இங்க, ஒண்ண அங்கன்னு தள்ளி வுட்டேன். வூட்டுக்கு ஓடிப் போயி பித்தளக் கொடத்த எடுத்தாந்து உள்ள போட்டேன். அப்புறந்தான் கத்துனேன். முங்குனவங்க கைக்கு மொதல்ல கொடந்தான் வந்துது. அப்புறம் அவ வந்தா.”

குடத்தைப் பார்த்ததும் எல்லோரும் நம்பிவிட்டார்கள். வழுக்கித்தான் விழுந்தாள் என்று சாமியார் பாட்டுப் பூசை வைத்து உள்ளே அடக்கம் செய்தார். குளிப்பாட்டும்போது அந்தச் செபமாலையை அம்மாதான் அவள் கையில் சுற்றிவிட்டாளாம்.

“ஏம்மா விழுந்தாங்க?”

“தெரியலடி. ஏங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அவ.” அம்மா மூக்கைச் சிந்தினாள். “சாமிகிட்டயே பொய் சொல்லி உள்ள வெச்சேன். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவளுக்குப் பூசைக்கு எழுதிக் குடுப்பேன்? அவங்க தீர்த்தம் தெளிக்கறப்பல்லாம் எனக்கு உள்ள நடுங்கும். யாராவது கண்டுபுடிச்சி அவளத் தோண்டி எடுத்துடுவாங்களோன்னு. இத்தினி வருசமா.”

 இப்போதெல்லாம் சபை அப்படி ஒதுக்குவதில்லை, யாரும் தோண்ட மாட்டார்கள் என்று பிற்பாடு நினைத்து நினைத்து எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். அன்று அந்தப் பெஞ்சில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். பஸ்ஸின் ஹாரன் எங்கோ வளைவில் கேட்டது, இன்னும் வெளிச்சம் தெரியவில்லை.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “நீ படிச்ச புஸ்தகத்துலயும் இப்டித்தானா? அந்தச் சாமியாரு மண்ணு போட்டு மூடிட்டுப் போயிடறாரா?”

“ஆமாம்மா” என்றேன். “அப்படியேதான்.”

“எழுதுனவரு நல்ல மனுசன்டி” என்றாள் அம்மா.  “நாளைக்கு ஞாயித்துக்கெழமதான? அக்கா பேருக்கு ஒரு பூசைக்கு எழுதிக் குடுத்துடலாமா?”